தனம் அக்காவின் சுவர்

ரிப்பேர் கடையில் பழைய ரேடியோவில் சூடேறிய தூசி வாசனை மூக்கில் ஏறியதும், உத்திரமேரூரில் எங்கள் ரேடியோவை ஒட்டியிருந்த சுவருக்கு அந்தப்பக்கம் தறி நெய்த, பிறவியிலேயே காது கேளாத தனம் அக்கா நினைவுக்கு வந்தாள். பாட்டு ஓடினால் அவள் தறி தாளம் தப்பாமல் அடிக்கும்; நிறுத்தினால் தடுமாறும்.

“காது நல்லா கேக்குதுடி அவளுக்கு. நடிச்சிக்கினு கீறா” என்றாள் அம்மா. எனக்கும் அதே சந்தேகம். வேவு பார்க்கப் போனேன்.

அக்கா முதுகைச் சுவரில் சாய்த்து நெய்துகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் என் கையை இழுத்துச் சுவரில் வைத்தாள். உள்ளங்கையில் பாட்டு அதிர்ந்தது.

“அவங்களுக்குச் செவுத்துல கேக்குதும்மா” என்று ஓடிவந்து சொன்னேன்.

அம்மாவின் முகம் செத்துப்போனது. அப்பா அம்மாவின் தலையைப் பிடித்து மோதுவதும் அந்தச் சுவரில்தான்.