குமாஸ்தாவின் வீட்டுப் பெயர்

என் கணவர் இறந்த மூன்றாவது மாதம், அவர் வேலைபார்த்த பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியர் வீட்டுக்கு வந்து செல்போனில் ஒரு படம் காட்டினார். பழைய மாணவர்கள் சேர்ந்து அவர் நினைவாக ஒரு வகுப்பறை கட்டியிருந்தார்கள். அதன் வாசலில் பதிக்கப்போகிற கருங்கல் பலகை அது. மேலே தெலுங்கு, கீழே தமிழ். சரித்திர ஆசிரியர், ஏழைகளுக்கு ஓடி ஓடி உதவியவர் என்று நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள். பெயரைப் படித்ததும் எனக்கு உள்ளங்காலிலிருந்து உச்சி வரை எரிந்தது. என் கணவர் பெயருக்கு முன்னால் எவனோ ஒரு குமாஸ்தாவின் வீட்டுப் பெயர் இருந்தது.

ஆந்திராவில் எங்கள் நகரிப் பக்கத்துத் தமிழர்களுக்கு வீட்டுப் பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்து, அதன்பின் நம் பெயர், அவ்வளவுதான். தெலுங்குக்காரர்களுக்குத் தலைமுறை தலைமுறையாக ஒரு வீட்டுப் பெயர் உண்டு. அதனால் இங்கே எந்தப் பாரத்தை எடுத்தாலும் முதல் கட்டமே ‘இன்டிபேரு’ கேட்கும். நம்மவர்கள் அந்தக் கட்டத்தைப் பார்த்து முழிப்பார்கள். ஒருத்தர் ஊர்ப் பெயரைச் சொல்வார், ஒருத்தர் தாத்தா பெயரைச் சொல்வார், பதற்றத்தில் தன் பெயரையே இரண்டு தரம் சொன்னவர்களும் உண்டு. கடைசியில் ஒரே ஆள் ரேஷன் கார்டில் ஒருத்தராகவும் ஆதாரில் வேறொருத்தராகவும் இருப்பார்.

என் கணவரும் முழித்தவர்தான். வேலைக்குச் சேர்ந்த அன்று சித்தூர் ஆபீசில், கட்டம் காலியாக இருந்தால் ரிஜிஸ்டரில் ஏற்ற முடியாது என்றார்களாம். அங்கிருந்த குமாஸ்தா சிரித்துக்கொண்டே, என் வீட்டுப் பெயரையே போட்டுவிடுகிறேன், உனக்கென்ன குறைந்துபோகிறது என்று தெலுங்கில் சொல்லி எழுதியும் விட்டார். இவருக்கு அப்போது இருபத்துநாலு வயது. சாயங்காலத்துக்குள் ஆர்டரைக் கையில் வாங்கவேண்டும் என்ற அவசரம். தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார். தறிக்குழியில் உட்கார்ந்து உட்கார்ந்து கால் வீங்கி, இவரைப் படிக்கவைத்த என் மாமனாரின் எழுத்து அன்றைக்குக் காணாமல் போனது. அந்தக் குமாஸ்தா உதவி செய்ததாகத்தான் நினைத்திருப்பார். நினைத்துக்கொள்ளட்டும், என் வயிற்றெரிச்சல் அவரை விடாது.

கொடுமை என்ன தெரியுமா? தன் கட்டத்தில் கோட்டைவிட்ட மனிதர், ஊரார் கட்டங்களையெல்லாம் சரிசெய்துகொண்டு திரிந்தார். ஒவ்வொரு மாதமும் இரண்டாவது சனிக்கிழமை பள்ளிக்கூடம் லீவு. மற்ற வாத்தியார்கள் வீட்டில் காலை நீட்டிப் படுத்திருக்க, இவர் முதல் பஸ்ஸைப் பிடித்துத் திருப்பதிக்குப் போவார். அங்கே பெரிய சர்க்கார் ஆஸ்பத்திரியில், சீட்டு எழுதும் இடத்துக்கு எதிர் பெஞ்சில் பேனாவோடு உட்கார்ந்துகொள்வார். சத்தியவேடு, நாகலாபுரம் பக்கத்திலிருந்து தெலுங்கு படிக்கத் தெரியாமல் வருகிறவர்களுக்குப் பாரம் எழுதித் தருவது அவர் வேலை. யாரும் அவரை அங்கே நியமிக்கவில்லை, யாரும் ஒரு டம்ளர் தண்ணீரும் தந்ததில்லை.

வகுப்பில் செய்வதையே அங்கேயும் செய்தார். அவர் வகுப்பில் ராஜாக்கள் பிறகுதான் வருவார்கள். முதல் நாள் ஒவ்வொரு பிள்ளையும் அப்பா, தாத்தா, அவருடைய அப்பா பெயரைக் கேட்டுவந்து சொல்லவேண்டும். ஆஸ்பத்திரி பெஞ்சிலும் அதே கேள்விகள்தான். பதிலை ஒரு நீள நோட்டில் எழுதிக்கொள்வார். அப்பாவின் முழுப் பெயரையே இன்டிபேராக வைத்து, எல்லாக் கார்டிலும் அது ஒன்றாக ஏறும்வரை மண்டல் ஆபீஸ் வாசலில் அவர்களோடு போய் நிற்பார். கார்டில் ஒரு பெயர், சீட்டில் ஒரு பெயர் என்று ஆபரேஷனுக்கு மூன்று தரம் திருப்பி அனுப்பப்பட்ட ஒரு பெண்ணை இப்படித்தான் உள்ளே சேர்த்தார். அவள் இன்றைக்கும் வேர்க்கடலை எடுக்கும் காலத்தில் ஒரு பை கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறாள்.

என் கார்டையும் பிள்ளைகள் கார்டையும் எப்போதோ சரிசெய்துவிட்டார். அவருடையது மட்டும் அப்படியே கிடந்தது. சோறு போடும்போதெல்லாம் நான் ஆரம்பிப்பேன்.

"ஊர்ல இருக்கறவங்க பேரெல்லாம் சரி பண்ணிக்கினு திரியறீங்களே, உங்க பேரு எப்போ?"

"வுடும்மா, ரிடையர் ஆனதும் பாத்துக்கலாம். சித்தூருக்கு நாலு நட நடக்கிற நேரத்துல இங்க பத்து பேரு வேலை முடிஞ்சுடும்."

எப்போது கேட்டாலும் இதே பதில்தான். ரிடையர் ஆக எட்டு மாதம் இருக்கும்போது மார்வலி வந்து, அதே திருப்பதி ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்தார். பத்து பேரும் முடிந்தார்கள், இருநூறு பேரும் முடிந்தார்கள், இவர் பெயர் முடியவில்லை. எனக்கு அவர்மேல் இருக்கிற கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

தலைமை ஆசிரியர் நல்ல மனிதர்தான். ஆனால் ரிஜிஸ்டரில் உள்ள பெயரைத்தான் போடமுடியும், சித்தூரில் மாற்றிக் கடிதம் வாங்கிவந்தால் கல்லை மாற்றிவிடலாம் என்றார். திறப்புவிழாவுக்குப் பத்து நாள் இருந்தது. என் மாமனாரின் பிறப்புச் சான்றிலிருந்து எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போனேன். மூன்று மேசை மாறி, கடைசியில் ஒரு சின்னப் பெண் பாரத்தை வாங்கிப் பார்த்தாள். சித்தூர் டவுன் தமிழ்க்காரப் பெண்தான்.

"பேர் மாத்தறதுக்கு அப்ளை பண்றவரே நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்மா. அதான் ரூல்."

"அவரு வர்ற மாதிரி இருந்தா நான் இன்னாத்துக்கும்மா இங்க வந்து நிக்கறேன்?"

அவளுக்கு முகம் சுண்டிப்போனது. உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்து, வேண்டுமானால் மேலே எழுதிப்போடுகிறோம், நாளாகும் என்றாள். எழுதிப்போடச் சொல்லிவிட்டு வந்தேன். அந்த ஃபைல் இன்னும் திரும்பவில்லை.

விழா அன்று ஷாமியானா, மைக், மாலை, எதற்கும் குறைவில்லை. சித்தூரிலிருந்து வந்த அதிகாரி என் கணவரைப் பற்றிக் காகிதத்தைப் பார்த்துப் படித்தார். படித்தபோது நாலு தரம் அந்த வீட்டுப் பெயரோடு சேர்த்தே சொன்னார். நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். எதிரே சத்தியவேட்டிலிருந்தும் நாகலாபுரத்திலிருந்தும் வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள், அவரவர் கார்டில் அவரவர் அப்பன் பெயரோடு. வேர்க்கடலைப் பெண்ணும் முன்வரிசையில் இருந்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டு, கல்லின்மேல் போர்த்தியிருந்த பச்சைத் துணியை விலக்கச் சொன்னார்கள்.

நான் துணியைத் தொடவில்லை. மைக்கை வாங்கி, சித்தூர் அதிகாரிக்கும் புரியட்டும் என்று தெலுங்கிலேயே சொன்னேன். இந்தக் கல்லில் இருக்கிறவர் யாரென்று எனக்குத் தெரியாது. நான் அந்த வீட்டு மருமகள் இல்லை. நகரியில் தறி நெய்த ஒருவரின் மருமகள். அவர் பெயர் இதில் வருகிற அன்றைக்குக் கூப்பிடுங்கள், வந்து திறக்கிறேன். சொல்லிவிட்டு இறங்கிவந்து உட்கார்ந்துகொண்டேன்.

யாரும் கைதட்டவில்லை. என் சொந்த அண்ணனே, மரியாதை செய்கிற இடத்தில் மானத்தை வாங்கிவிட்டாய் என்று திட்டினார். வேர்க்கடலைப் பெண் மட்டும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, புடவைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். அப்போதுதான் நான் அழுதுகொண்டிருந்தது எனக்கே தெரிந்தது.

வகுப்பறையில் பாடம் நடக்கிறது. தலைமை ஆசிரியர் துணியின்மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி வைத்திருக்கிறார். அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் எட்டிப் பார்க்கிறேன். துணி வெளுத்துவிட்டது, கயிறு அவிழவில்லை. அவர் இருந்திருந்தால் இதற்கும் ‘வுடும்மா’ என்றுதான் சொல்லியிருப்பார். எத்தனையோ தரம் அந்தச் சொல்லைக் கேட்டு விட்டிருக்கிறேன். இதை விடமாட்டேன்.