அணைக்கக் கூடாத பெட்டி

ஒரு வருடத்துக்கும் மேலாக எங்கள் வீட்டில் யாரும் நிம்மதியாகத் தூங்கவில்லை என்றால் அதற்குக் காரணம் ஒரு ஹார்ட் டிஸ்க். அளவில் செங்கல்லைவிடச் சற்றுச் சிறியது, கனத்தில் செங்கல்லுக்குக் குறையாதது. அதை ஒருமுறை நிறுத்தினால் மறுபடி ஓடாது என்று சித்தப்பா சொல்லியிருந்தார். சித்தப்பா சொல்வதை வீட்டில் யாரும் முழுசாக நம்பியதில்லை. இதை மட்டும் எல்லோரும் நம்பித் தொலைத்தோம்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. சிங்காநல்லூரில் அப்பாவுக்கு ஒரு லேத் பட்டறை இருந்தது; மோட்டார் பம்ப்புக்கு வேண்டிய உதிரிகளைக் கடைந்து கொடுப்பார்கள். பட்டறைக்குப் பின்னாலேயே வீடு. அப்பாவின் ஒரே தம்பியான சித்தப்பாவும் சித்தியும் எங்களோடுதான் இருந்தார்கள். பட்டறை மூலையில் கண்ணாடித் தடுப்பு வைத்து, லேத் தூசு உள்ளே வராமல் கதவிடுக்கில் துணி செருகி, சித்தப்பா கம்ப்யூட்டர் வைத்திருந்தார். ஊரில் எல்லோரும் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு எங்கேயோ போய்க்கொண்டிருந்த காலம். சித்தப்பா கற்றுக்கொண்டு அங்கேயே இருந்தார்.

மூடிப்போன மில் ஒன்றின் ஆபீஸ் சாமான்களை ஏலம் விட்டபோது, கழித்துக்கட்டிய கம்ப்யூட்டர்களை அவர் மூட்டையாக எடுத்து வந்தார். அவற்றிலிருந்து கழற்றிய ஹார்ட் டிஸ்க்குகளை ஒவ்வொன்றாக மாட்டிப் பார்ப்பார். ஹார்ட் டிஸ்க் என்று ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை என்று திரை சொல்லும். சித்தப்பா விடமாட்டார். ரொம்ப நாள் சும்மா கிடந்தால் உள்ளே சுழலும் தட்டும் அதைப் படிக்கும் முனையும் ஒட்டிக்கொள்ளும் என்பார். பெட்டியைக் கையில் தட்டையாகப் பிடித்து, இறுகிப்போன குழாயைத் திறப்பது போல மணிக்கட்டால் வெடுக்கென்று ஒரு திருகு. பிறகு காதில் வைத்துப் பார்ப்பார். பெரும்பாலும் ஒன்றும் கேட்காது.

செத்ததை அவர் வீணாக்கவில்லை. உள்ளேயிருந்த காந்தங்களை அப்பாவுக்குக் கொடுத்தார். பட்டறைத் தரையில் சிதறும் இரும்புத் துருவலைப் பொறுக்க அதைப்போல எதுவும் கிடையாது என்று அப்பாவே ஒத்துக்கொண்டார். பளபளக்கும் தட்டுகள் கிளிகளை விரட்டக் கொய்யா மரத்தில் தொங்கின. கிளிகள் முகம் பார்த்துக்கொண்டு கொய்யா தின்றன. சித்தி ஒரு தட்டைச் சுவரில் மாட்டி, அதில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்வாள்.

அப்படித் திருகியதில் ஒரே ஒன்று விழித்துக்கொண்டது. மெல்லிய விசில் போல ஆரம்பித்து ஒரு சீரான ரீங்காரத்தில் நின்றது. சித்தப்பா கண் கலங்கியதை அன்றுதான் முதலில் பார்த்தேன். இரண்டாவது முறை நிறுத்திப் போட்டபோது அது எழுந்துவர அரை நாள் திருக வேண்டியிருந்தது. மூன்றாவது முறையை அவர் முயன்றுபார்க்கவில்லை. அதுமுதல் அது ஓடிக்கொண்டே இருந்தது.

அதில்தான் அவர் தன் புரோகிராமை எழுதினார். போர்வைக்குக் கரை போடுகிறவர்கள் கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு கட்டமாக வண்ணம் தீட்டிப் பார்ப்பார்கள் அல்லவா, அதைக் கம்ப்யூட்டரிலேயே போட்டு, நிறத்தை நொடியில் மாற்றிக் காட்டும் புரோகிராம். சித்தியின் பிறந்த வீடு ஈரோடு, ஜவுளிக் குடும்பம். தன் வீட்டுக்காரர் செய்கிற காரியம் ஒருநாள் ஈரோடு முழுக்கத் தெரியப்போகிறது என்று அவள் அங்கே எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள். பிளாப்பியில் எடுத்து வைக்கக் கூடாதா என்று இன்றைக்குக் கேட்பார்கள். எடுத்தும் வைத்தார். மழைக்காலத்தில் அவற்றில் பூஞ்சை பிடித்தது. முதல் ஆர்டர் வந்ததும் புது ஹார்ட் டிஸ்க் வாங்கி எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்றிருந்தார்.

அந்த முதல் ஆர்டர் வரும்வரை அதற்குக் காவல் இருக்க வேண்டும். சித்தப்பா பட்டறையிலேயே கயிற்றுக் கட்டில் போட்டுப் படுத்தார். கரண்ட் போனால் யூபிஎஸ் கூவும். எழுந்து உட்கார்ந்து, கரண்ட் வரும்வரை பாட்டரியைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஈரோட்டில் சித்தியின் தம்பிக்குக் கல்யாணம் நடந்தது, அவர் போகவில்லை. தீபாவளிக்கும் போகவில்லை. அவர் குளிக்கப் போகும்போது நான் கண்ணாடித் தடுப்புக்குள் உட்கார வேண்டும். “சத்தம் மாறுச்சுன்னா கூப்புடு கண்ணு, ஓடியாந்தர்றேன்” என்பார். சத்தம் மாறியதே இல்லை. மாறியதெல்லாம் சித்தப்பாதான். கன்னம் ஒட்டி, பேச்சு குறைந்து, சாப்பிடும்போதே கண் சொருகும். ஓடுவது டிஸ்க், தேய்வது இவன் என்று அப்பா முணுமுணுப்பார்.

ஈரோட்டிலிருந்து ஜவுளிக்காரர்கள் இரண்டு மூன்று முறை காரில் வந்தார்கள். திரையில் கரைகள் நிறம் மாறுவதைப் பார்த்து ஆச்சரியப்பட்டார்கள், சித்தி போட்ட காபியைக் குடித்தார்கள். “ரொம்ப அருமைங்க. பாக்கலாமுங்க. சொல்லியுடறோமுங்க” என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். நான் சித்தியிடம் ஓடி, பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள் என்று குதித்தேன். சித்தியும் சிரித்தாள். எங்கள் பக்கத்தில் முடியாது என்று யாரும் யார் முகத்துக்கு நேராகவும் சொல்வதில்லை என்பது எனக்குத் தெரியாது. சித்திக்குத் தெரியும், ஆனால் தெரிந்துகொள்ள அவளுக்கு விருப்பமில்லை. சித்தப்பா ஒவ்வொரு முறையும் கார் தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்துவிட்டு, உள்ளே வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார்.

அப்போதுதான் ஆயுத பூஜை வந்தது. அன்று பட்டறையில் எந்த மெஷினும் ஓடக்கூடாது. கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டு, விளக்கு வெளிச்சத்தில் கற்பூரம் காட்டுவது அப்பாவின் வழக்கம். மறுநாள் காலையில்தான் மறுபடி மெயின் ஏறும். வருடம் முழுக்க உழைக்கிற இரும்புக்கு ஒருநாள் ஓய்வு கொடுக்காவிட்டால் அது கையை வாங்கிவிடும் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. முந்தின நாள் சித்தப்பா அவர் முன்னால் வந்து நின்றார்.

“ஏனுங்கண்ணா, அது தூங்குனா முழிக்காதுங்கண்ணா.”

அப்பா கையிலிருந்த துணியால் லேத்தை இரண்டு தரம் துடைத்தார். கடைசியில், “செரி, அதும் பாட்டுக்குப் பாட்டரியில ஓடிட்டுப் போகுது, பூசணிக்காய் ஒடைச்சதும் மெயினை ஏத்திப்போடறேன். நான் தொடுலீடா தம்பி” என்றார். அடுப்படி வாசலில் நின்ற சித்தி அதைக் கேட்டுவிட்டு நிம்மதியாக உள்ளே போனாள். அப்பாவின் வார்த்தை எங்கள் வீட்டில் பத்திரம் எழுதியது போல.

பூஜை அன்று சாயங்காலம் வாசலில் வாழை மரம், பட்டறை முழுக்கச் சாம்பிராணிப் புகை. லேத்துகள் சந்தனப் பொட்டோடு மாப்பிள்ளைகள் மாதிரி நின்றன. அப்பா மெயினை இறக்கினார். உடனே கண்ணாடித் தடுப்புக்குள்ளிருந்து யூபிஎஸ் கூவ ஆரம்பித்தது. மணி அடிக்க அடிக்க அதுவும் கூவியது. வேலைக்காரர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். அப்பா முகத்தைச் சுளித்துக்கொண்டே கற்பூரம் காட்டினார். தீபாராதனை முடிந்து பூசணிக்காய் உடைக்க எல்லோரும் தெருவாசலுக்குப் போனார்கள். நான் மட்டும் பொரியில் கிடந்த கடலையைப் பொறுக்கித் தின்பதற்காகப் பின்தங்கினேன்.

சித்தப்பா தடுப்புக்குள் நின்றுகொண்டிருந்தார். கூவலை அடக்க ஏதோ செய்யப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் குனிந்து யூபிஎஸ் சுவிட்சை அழுத்தினார். திரை கறுத்தது. கூவல் நின்றது. ரீங்காரம் மெல்ல மெல்ல இறங்கி, ஒரு கரகரப்போடு ஓய்ந்தது. பட்டறை அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. சித்தப்பா நாற்காலியில் உட்கார்ந்து, முகத்தை இரண்டு கையாலும் அழுத்தித் துடைத்துக்கொண்டார். என்னைப் பார்த்தார். திட்டவில்லை. “போதும் கண்ணு” என்றார். எது போதும் என்று நான் கேட்கவில்லை. திரும்பியபோது அப்பா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார், கையில் கற்பூரத் தட்டு அசையாமல் இருந்தது. எங்களைப் பார்த்துவிட்டுத் தெருவுக்கே திரும்பிப் போனார்.

அன்று சித்தப்பா வீட்டுக்குள் வந்து பாய் போட்டுப் படுத்தார். மறுநாள் வெயில் ஏறியும் எழுந்திருக்கவில்லை. எழுப்பக் கூடாது என்று அப்பா எல்லோருக்கும் சொல்லிவிட்டார்.

அவர் எழுந்து வந்து கம்ப்யூட்டரைப் போட்டபோது சித்தி, அம்மா, அப்பா, நான் எல்லோரும் சுற்றி நின்றோம். ஹார்ட் டிஸ்க் இல்லை என்றது திரை. சித்தப்பா அதைக் கழற்றிக் கையில் வைத்துத் திருகினார். அந்தத் திருகலை எத்தனையோ முறை பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். இது அது இல்லை. தூங்குகிற குழந்தையைத் தோள் மாற்றுவது போல அவ்வளவு மெதுவாக இருந்தது. மறுபடி மாட்டினார். மறுபடி இல்லை.

“யூபிஎஸ் ஓடிட்டுத்தான இருந்துச்சு? ஆரு அணைச்சது?” என்று சித்தி கேட்டாள். சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். நான் வாயைத் திறந்தேன்.

“நாந்தான் அம்மணி” என்றார் அப்பா. “பூசை நேரத்துல அந்தச் சத்தம் தாங்க முடியல. நாந்தான் அணைச்சுப்போட்டேன்.”

அம்மா பதறிப்போய் அப்பாவைப் பார்த்தாள். சித்தப்பா ஒரு கணம் நிமிர்ந்து அண்ணனைப் பார்த்துவிட்டு, பழையபடி குனிந்துகொண்டார். சித்தி அழவில்லை, சத்தம் போடவில்லை. “தொடுலீன்னு சொன்னீங்களே மாமா” என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனாள். நான் அப்பாவின் வேட்டியை இழுத்து, அது நீங்கள் இல்லையே என்று முணுமுணுத்தேன். அப்பா குனிந்து என் கையில் ஒரு பிடி பொரியை வைத்து மூடி, “நீயி ஒண்ணும் பாக்கலை, போ சாமி” என்றார்.

அந்தத் தீபாவளிக்குச் சித்தப்பா ஈரோடு போனார். போன இடத்தில் எல்லோரும் அவருக்காக வருத்தப்பட்டார்களாம். அண்ணன்காரன் இப்படிச் செய்யலாமா, வந்த யோகத்தையே கெடுத்துவிட்டானே என்றார்களாம். திரும்பி வந்தபோது கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டிருந்தது. பிறகு கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து தினம் பஸ்ஸில் போய்வந்தார். அந்த டிஸ்க்கைப் பிரித்துக் காந்தத்தை அப்பாவிடம் கொடுத்தார். அப்பா வாங்கி அலமாரியில் வைத்துக்கொண்டார். புரோகிராம் பற்றி அவர் மறுபடி பேசவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அண்ணனால் போனது என்று இருக்கும்போது கேட்பதற்கு என்ன இருக்கிறது.

சித்தி மட்டும் அப்பாவிடம் நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டாள். ஒரே கூடத்தில் இலை போட்டு அப்பா உட்கார்ந்திருப்பார், சித்தி சோற்றுக் குண்டானோடு எதிரிலேயே நிற்பாள். “உங்கொப்பாவுக்கு இன்னுங் கொஞ்சம் வேணுமான்னு கேளு கண்ணு” என்பாள் என்னிடம். “போதும்னு சொல்லு சாமி” என்பார் அப்பா. வருடக் கணக்கில் இந்தக் கேள்வியையும் பதிலையும் நான்தான் சுமந்தேன். ஒவ்வொரு முறையும் எனக்கு அப்பா மேல்தான் கோபம் வரும். செய்யாததைச் செய்ததாகச் சொல்லிவிட்டு, கறிக்குழம்பு நாளில்கூட இரண்டாம் சோறு கேட்க முடியாமல் எழுந்து போகிறாரே, இதைவிட அசட்டு மனுஷன் உண்டா என்று நினைத்துக்கொண்டு, பக்கத்தில் வயிறாரச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் சித்தப்பாவை ஒட்டி உட்கார்ந்துகொள்வேன்.