மயிலாப்பூரில் ஒரு பலாக்காய்ப் படையல்

சனிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு எழும்பூரில் இறங்கினேன். மயிலாப்பூர் தெப்பக்குளத்துக்குப் பின்னால் இருக்கும் தங்கை வீடு அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர். ஆட்டோவுக்கு நூற்றைம்பது கொடுத்தேன். இதற்கு முன் வந்தபோதெல்லாம் மச்சான் சந்திரன் தெருமுனையில் நின்று பையை வாங்கிக்கொள்வார். இந்த முறை நானே தூக்கிக்கொண்டு நடந்தேன்.

மறுநாள் அவருக்கு முப்பதாம் நாள் படையல். எங்கள் பக்கத்தில் போனவருக்கு என்ன பிடிக்குமோ அதைச் சமைத்து இலையில் வைப்போம். மச்சானுக்குப் பிடித்தது ஆட்டுக்கறி. அதைச் சமைக்க முடியாத வீட்டில்தான் அவர் பதினோரு வருடம் குடியிருந்தார். ராயப்பேட்டை அச்சகத்தில் அவருக்கு வேலை. நடந்தே போய்வரும் தூரம், கட்டுப்படியாகும் வாடகை, கோடையிலும் வற்றாத கிணறு. மாடியில் இருந்த வீட்டுக்காரர் போட்டது ஒரே நிபந்தனை: அசைவம் சமைக்கக் கூடாது. இவர்களும் ஒப்புக்கொண்டார்கள்.

வெளியே தனியாகப் போய்ச் சாப்பிட மச்சானுக்கு மனம் வராது. ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட என் தங்கை செல்விக்குப் பிடிக்காது. அதனால் அவள் காயிலேயே கறி செய்யப் பழகினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வாழைக்காயை நீளவாக்கில் சீவி, மசாலா தடவி, மீன் வறுவல் போல வறுப்பாள். பலாக்காய் கிடைக்கும் மாதங்களில் சுக்கா.

காப்பியைக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "பிஞ்சுப் பலாக்காய் ஒண்ணு வேணும்ணே. நான் வெளிய போகக் கூடாது, நீதான் போய்ட்டு வரணும். பெருசா வாங்கிடாத. காம்பக் கிள்ளினா பால் சொட்டணும். உள்ள கொட்டை ஏறியிருந்தா வேணாம், கறி மாதிரி வராது."

"பேசாம வீட்டுக்காரம்மாகிட்ட ஒரு நாளைக்குக் கேட்டுப் பாக்கலாமே, செல்வி?"

"எப்படிண்ணே கேக்குறது? தாலி இருந்தப்பவே கேக்கல. இப்பப் போய்க் கேட்டா, காலி பண்ணுன்னு சொல்லிட்டா நான் எங்க போவேன்?"

எட்டு மணிக்கு மாட வீதிக் கடைகளில் விசாரித்தேன். சுரைக்காய், கொத்தவரை, வாழைப்பூ எல்லாம் குவிந்திருந்தன. பலாக்காய் இல்லை. ஒரு ஆட்டோவைப் பிடித்தேன். ஓட்டுநர் பெயர் பாஷா, ஐம்பது வயதிருக்கும். நாலரை கிலோமீட்டரில் தி.நகர். ரயில் நிலையத்தை ஒட்டிய காய்க்கடைகளில் ஒன்றுவிடாமல் கேட்டேன். ஒருவர் பழுத்த சுளையை நீட்டினார். வெறுங்கையோடு திரும்பியதும் பாஷா கேட்டார்.

"இன்னா சார், இந்தக் காய வச்சி இன்னாதான் பண்ணுவீங்கோ?"

"கறி மாதிரி சமைக்கணும்."

"கறி மாதிரியா? ஜாம்பஜார்ல கறியே தொங்கிகினு கீது சார்! அத்த வுட்டுட்டு ஊரு சுத்திக்கினு கீறீங்களே."

வீட்டுக்காரர் நிபந்தனையைச் சொன்னேன். உடனே வண்டியைக் கிளப்பினார்.

"அப்போ சரி. எமனாண்டகூட பேசிடலாம் சார், ஹவுஸ் ஓனராண்ட பேச முடியாது. அடையாறு போலாம், குந்துங்கோ. அங்க சேட்டு வூட்டுக்காரங்க இத்தத்தான் கேப்பாங்கோ."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகுதான் எதற்காக அலைகிறேன் என்பது நினைவுக்கு வந்தது. எதற்கு என்று அவரிடமும் சொன்னேன். பாஷா ஹாரனில் இருந்த கையை எடுத்துவிட்டார். ஆற்றுப் பாலம் தாண்டும்வரை மெதுவாகவே ஓட்டினார். பிறகு, "தப்பா எடுத்துக்காதீங்க சார்" என்றார்.

அடையாறு காந்தி நகரில் ஒரு கடையில் கிடைத்தது. இரண்டேமுக்கால் கிலோ, கிலோ எண்பது வீதம் இருநூற்றிருபது ரூபாய். காம்பைக் கிள்ளினேன், பால் சொட்டியது. பாஷாவே அதைச் சாக்கில் சுற்றிக் காலடியில் வைத்துக்கொண்டார். இரண்டு இடமும் சுற்றித் திரும்பியதற்கு நானூறு கேட்டார். கொடுத்தேன்.

ஞாயிறு காலை ஏழு மணிக்குச் செல்வி கையிலும் கத்தியிலும் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு முள்தோலைச் செதுக்கினாள். துண்டுகளை மஞ்சளும் உப்பும் போட்டு முக்கால் வேக்காடாக வேகவிட்டாள். வெள்ளைத்துணியில் மூட்டை கட்டி, அதன்மேல் அம்மிக் குழவியை ஏற்றினாள். தண்ணீர் முழுக்க இறங்கினால்தான் கறி போல நார் நாராகப் பிரியுமாம். கொழுப்புக்குத் தேங்காய்ப் பல்லு, எலும்புக்கு முருங்கைக்காய். சின்ன வெங்காயம், சோம்பு, பட்டை, கல்பாசி எல்லாம் கடலை எண்ணெயில் பொரிந்தபோது, கண்ணை மூடிக்கொண்டால் எங்கள் ஊர்க் கல்யாண வீட்டுப் பந்திதான்.

மிளகுத்தூளைத் தூவிக் கிளறியவள், ஒரு துண்டைக் கரண்டியில் எடுத்து ஊதி, வலது பக்கம் நீட்டினாள். அந்தப் பக்கம் யாருமில்லை. கொஞ்ச நேரம் கை அப்படியே நின்றது. பிறகு துண்டைத் திரும்பச் சட்டியில் போட்டாள்.

"உப்பு பாக்கிறது அவருதான்" என்றாள். படையலுக்கு முன்னால் நாங்கள் வாயில் வைக்கக் கூடாது.

பதினொன்றரைக்கு இலை போட்டோம். சோறு, சுக்கா, வாழைக்காய் வறுவல், ஒரு டம்ளர் தண்ணீர். விளக்கை ஏற்றப் போகும்போது மாடிப்படியில் செருப்புச் சத்தம். வீட்டுக்கார மாமி வந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும்.  செல்வி சட்டியை மறைத்துக்கொண்டு நின்றாள்.

மாமி வாசற்படியிலேயே நின்றுவிட்டார். "பயந்துக்காதே. வாசனை மாடி வரைக்கும் வந்துடுத்து. நான் ஒண்ணும் சொல்ல வரலை. அவருக்குப் பிடிச்சதைப் பண்ணிருக்கே, நன்னா வச்சுக் கும்பிடு. ஜன்னலைச் சாத்திண்டு அவஸ்தைப்படாதேன்னு சொல்லத்தான் வந்தேன்."

"மாமி, இது கறி இல்ல. பலாக்காய்."

"பலாக்காயா?" மாமி இலையைப் பார்த்தார், பிறகு மச்சானின் படத்தைப் பார்த்தார். "அந்தக் கட்டுப்பாடெல்லாம் எங்காத்துக்காரர் வச்சதுடி. அவர் போயே நாலு வருஷமாறது. உள்ளே கதவைச் சாத்திண்டு நீ என்ன சமைச்சா எனக்கென்ன? ஒரு வார்த்தை கேட்டிருக்கப்படாதோ?"

 மாமி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியேறிப் போனார்.

"இன்னும் விளக்கேத்தலியே செல்வி" என்றேன். "முக்கால் மணி நேரம் குடு. ஜாம்பஜார் போய் வாங்கிட்டு வந்துடுறேன்."

"வேணாம்ணே. இலை போட்டாச்சு." தீப்பெட்டியை எடுத்தாள். இரண்டு குச்சி அணைந்து மூன்றாவது பற்றியது. "நாலு வருசம்ணே. நாலு வருசம் கேட்டிருக்கலாம்." சூடம் காட்டி முடித்தபின்தான் அழுதாள். அழுகை ஓய்ந்ததும் தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னாள்: "அவருக்கு ஒரு குறையும் இல்லண்ணே. வித்தியாசமே தெரியாது அவருக்கு. கறியேதான் செல்வின்னு ஒவ்வொரு வாட்டியும் சொல்லுவாரு."

அன்று நான் சுக்காவைத் தொடவில்லை. ரசம் ஊற்றி இரண்டு வாய் சாப்பிட்டு எழுந்துவிட்டேன். திங்கள் காலை புறப்படும்போது மீதிச் சுக்காவைச் சூடாக்கி, சோற்றோடு வைத்து வாழையிலையில் கட்டிக் கொடுத்தாள்.

எழும்பூரிலிருந்து பகல் ரயில். தாம்பரம், செங்கல்பட்டு, விழுப்புரம். என் வீட்டில் ஞாயிறு காலை ஆறரைக்குக் கறிக்கடைக்குப் போவேன். யாரையும் கேட்டுப் போனதில்லை, கேட்க வேண்டும் என்று ஒன்று உண்டு என்றும் தோன்றியதில்லை. கடலூர் தாண்டியதும் பசித்தது. பொட்டலத்தைப் பிரித்தேன்.

உப்பு சரியாக இருந்தது. முதல் கடியில் கறிதான். இரண்டாவது கடியிலும் அப்படித்தான். மூன்றாவதில் நார் வாயிலேயே கரைந்து, அடியில் காயின் லேசான துவர்ப்பு தெரிந்தது. கறி தின்று வளர்ந்த யாருக்கும் தெரிந்துவிடும். மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்தால், ஆடு இளசா முற்றலா என்று ஒரே துண்டில் சொல்லிவிடுவார்.

சிதம்பரத்தில் வண்டி நின்றபோது போன் அடித்தது.

"சாப்டியாண்ணே?"

"சாப்புட்டேன்மா."

"எப்படி இருந்துச்சு?"

பிளாட்பாரத்தில் வடை விற்பவர் ஜன்னலைத் தாண்டிப் போனார்.

"கறியேதான் செல்வி" என்றேன்.