வெள்ளிவிழாப் படமும் நான் வெளியே எடுத்துவைத்த விளக்கும்

தொண்ணூறுகளின் கடைசியில் ஓர் அமாவாசை. எங்கள் காஞ்சிபுரத்தில் அமாவாசை அன்று தறி ஓடாது என்பதால், சினிமாக் கொட்டகையில் மதியக் காட்சிக்கே கூட்டம் நெரியும். அன்று போட்டிருந்தது, வெளிவந்து இருபத்தைந்து ஆண்டு ஆன ஒரு பாட்டுப் படம். வெள்ளிவிழா என்று வாசலில் வாழைமரமெல்லாம் கட்டியிருந்தார்கள். என் வீட்டுக்காரர் இரண்டு டிக்கெட்டோடு வந்து நின்றபோது எனக்குப் பகீர் என்றது.

காரணம் இருக்கிறது. அந்தப் படம் முதலில் வந்தபோது ஊரே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. பாட்டும் சோகமும் மனதை உருக்குகின்றன என்று ஒரு கட்சி. சாமியை அவமதித்த படம் என்று ஒரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. அப்போது கல்யாணமாகி வந்த புதுசு. தெரு அம்மன் கோயிலில் விளக்குப் பூஜை நடத்தும் தலைவி அம்மா, "கதாநாயகி சன்னதியில செருப்போட ஆடுறாளாம், வெளக்க எட்டி ஒதைக்கிறாளாம். அத்தப் பாத்த எவளும் பூஜைக்கு வரக்கூடாது" என்று சொல்லிவிட்டார்.

எதிர்வீட்டு அக்கா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்தவர். ஆடி வெள்ளியன்று எல்லோரையும் போல விளக்கைத் துலக்கி, பொட்டு வைத்து, திரி போட்டு வரிசையில் வைத்திருந்தார். "அத்த எடுத்து வெளிய வையி" என்றார் தலைவி அம்மா. ஓடிப்போய் எடுத்தது நான்தான். அம்மனுக்கே தொண்டு செய்வதாக நினைப்பு! அக்கா விளக்கை முந்தானையில் சுற்றிக்கொண்டு போனார். அதன்பிறகு அவர் பூஜைக்கு வரவே இல்லை. என்னோடு பேச்சும் நின்றுபோனது.

கோபத்தைத் தயாராக வைத்துக்கொண்டுதான் கொட்டகையில் உட்கார்ந்திருந்தேன். அந்தக் காட்சி வந்தது. சாகக் கிடக்கும் பிள்ளைக்காக அந்தப் பெண் கோயிலுக்கு ஓடிவருகிறாள். செருப்பை வாசலிலேயே உதறிவிடுகிறாள். பாடுகிறாள். காற்றில் சாயும் விளக்கை வெறும் கையால் தாங்கிப் பிடிக்கிறாள். கை வெந்துபோகிறது, விடவில்லை. பாட்டு முடியும்போது அங்கேயே விழுந்து உயிரை விடுகிறாள். இவ்வளவுதான்! எட்டி உதைக்கவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

லைட் போட்டதும் பார்க்கிறேன், முன் வரிசையில் அதே தலைவி அம்மா! மூக்கை உறிஞ்சிக்கொண்டு கண்ணைத் துடைக்கிறார்.

"என்னா பாட்டுமா! எத்தினி வாட்டி வேணா கேக்கலாம்" என்றார் என்னிடம்.

"வெளக்க ஒதைக்கிறாள்னு சொன்னீங்களேம்மா?"

"நான் எங்கமா பாத்தேன்? யாரோ சொன்னாங்க, சொன்னேன். அத்த இன்னுமா ஞாபகம் வச்சிக்கினு இருக்கே?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்தார்! ஒரு பொம்பளையை அத்தனை பேர் முன்னால் அவமானப்படுத்திவிட்டு, யாரோ சொன்னார்களாம்! நான் குரலை உயர்த்துவதற்குள், "கொட்டாயில சண்ட வேணாம், வா" என்று வீட்டுக்காரர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

நேராக எதிர்வீட்டுக்குப் போனேன். அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் படபடவென்று கொட்டினேன். மன்னிப்புக் கேட்டேன். வருகிற ஆடிக்கு நீங்கள் வந்தே ஆகவேண்டும் என்றேன்.

முறத்திலிருந்து கண்ணை எடுக்காமலே அக்கா சொன்னார்: "அவங்க யாரோ சொன்னதக் கேட்டாங்க. நீ எதிர்வீட்லதானேமா இருந்தே? 'அக்கா, படத்துல என்னா வருது'ன்னு என்னை ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

நான் வாசல் பக்கம் திரும்பினேன்.

"ஒக்காரு, காபி போடறேன். பூஜைக்கு மட்டும் கூப்புடாத. என் வெளக்கு வீட்லயே எரிஞ்சிக்கினு இருக்குது. அம்மன் ஒண்ணும் அத்த வேணாம்னு சொல்லல."

தலைவி அம்மா மேல் வந்த கோபம் ஒரு வருஷத்தில் ஆறிவிட்டது. பத்தடி தெருவைத் தாண்டிப்போய் ஒரு வார்த்தை கேட்காத என் மேல் வந்த கோபம்தான் இன்றுவரை ஆறவில்லை. அது ஆறிவிடக் கூடாது என்றே அம்மனிடம் வேண்டிக்கொள்கிறேன்.