கிம்ச்சி நாற்றத்துக்கு அம்மா கேட்ட மன்னிப்பு

திருப்பதியில் எனக்கு மாடி வீடு கிடைத்தது ஒரு நிபந்தனையின்பேரில்: அசைவம் சமைக்கக் கூடாது. கீழே ஓனரம்மா இருந்தார். எனக்கு ஸ்ரீ சிட்டியில் ஒரு கொரியத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டு வேலை. கம்பெனி பஸ் தெருமுனையிலேயே நிற்கும். அந்த வீட்டை விட்டுவிட எனக்கு மனமில்லை. அதனால் புத்தலப்பட்டுப் பக்கத்து ஊரிலிருந்து அம்மா வரும்போதெல்லாம், பையில் கருவாடு இருக்கிறதா என்று வாசலிலேயே கேட்டுவிடுவேன். ஒரு தடவைகூட இருந்ததில்லை.

கிம்ச்சி என்ற கொரிய ஊறுகாயை முதலில் சாப்பிட்டது கேன்டீனில். கொரியர்களின் மேசையிலிருந்து ஒருவர் கொடுத்தார். பிடித்துப்போய் வீட்டிலேயே போட முடிவு செய்து, வழக்கம்போல் பட்டியல் எழுதினேன். சீன முட்டைக்கோஸ் இரண்டு, கல் உப்பு, முள்ளங்கி, வெங்காயத்தாள், பூண்டு, இஞ்சி, கொரிய மிளகாய்த்தூள், அரிசிமாவுக் கஞ்சி, மீன் சாறு. கடைசிப் பொருளுக்கு எதிரே ஒரு கேள்விக்குறி போட்டேன். பிறகு, இது சமையல் இல்லையே, ஊறத்தானே வைக்கிறோம் என்று அந்தக் கேள்விக்குறியை அடித்துவிட்டேன்.

அன்று அம்மாவும் வந்திருந்தாள். இலை இலையாக உப்புத் தூவி ஊறவைத்த முட்டைக்கோஸை நான் மூன்று தண்ணீரில் அலசியதைப் பார்த்து, "இன்னா பாப்பா, ஊறுகாயக் குளிப்பாட்டிக்கினு கீற?" என்றாள். மீன் சாற்றுப் பாட்டிலைத் திறந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நம்மூட்டு கருவாட்டுச் சட்டியே தேவலாம். என்னிய மட்டும் வாசல்ல நிக்க வெச்சி பைய சோதிக்கிற!" இருவரும் சிரித்தோம்.

ஜாடியை இரண்டு நாள் ஃப்ரிட்ஜுக்கு வெளியே வைக்கலாம் என்று செய்முறையில் இருந்தது. எந்த வெப்பநிலையில் என்று நான் பார்க்கவில்லை. வேலையில் நான் முதலில் கேட்கும் கேள்வியே அதுதான். அது சித்திரை மாதம். மறுநாள் காலையில் ஜாடி பொங்கி, சிவப்புச் சாறு மேடையிலிருந்து தரைக்கு வழிந்திருந்தது. நாற்றம் படியிறங்கிப் போயிருந்தது.

ஓனரம்மா மூக்கில் முந்தானையோடு மேலே வந்தார். "ஏம்மா, இதென்ன மீனு மாதிரி நீச்சு வாசன?"

தவறு என்னுடையது என்றால் வீடு போகும். ஊரிலிருந்து வந்தவள் தெரியாமல் செய்தது என்றால் மன்னிப்பு உண்டு. இதை யோசிக்க எனக்கு ஒரு நொடி போதுமானதாக இருந்தது.

"அம்மா கருவாடு கொண்டுவந்துட்டாங்க ஆன்ட்டி. அவங்களுக்குத் தெரியாது."

அம்மா ஈரத் துணியோடு என் பின்னாலேயே நின்றிருந்தாள். என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு முன்னால் வந்து கைகூப்பினாள். "ஆமாம்மா, தெரியாத்தனமா எடுத்தாந்துட்டன். பொண்ணு மேல தப்பில்ல. வூட்ட மட்டும் காலி பண்ணச் சொல்லிடாதீங்க."

"ஊர்ல எப்பிடியோ இருந்துக்குங்க. இது சாமி இருக்கற ஊரு," என்றார் ஓனரம்மா. "படிச்ச பொண்ணு, நீயாவது சொல்லக் கூடாதா?"

"சொல்லியிருந்தேன் ஆன்ட்டி," என்றேன்.

அம்மா தரையைத் துடைத்தாள், படிகளையும் துடைத்தாள். மதிய பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டாள்.

ஒரு வாரம் கழித்துக் கீழே போய், அது கருவாடு இல்லை, நான் போட்ட கொரிய ஊறுகாய் என்று சொன்னேன். ஓனரம்மா சிரித்தார். "கொரியா ஊறுகாயா! மொதல்லயே சொல்றதுக்கென்ன? பாவம் உங்கம்மா. அதுல மீன் கீன் ஒண்ணுமில்லையே?"

"இல்ல ஆன்ட்டி."

மேலே வந்ததும் அம்மாவுக்குப் போன் செய்தேன். எல்லாம் சரியாகிவிட்டது, ஓனரம்மாவுக்கு உன்மேல் கோபம் இல்லை, வா என்றேன்.

"மீனு ஊத்துனதச் சொன்னியா?"

"நீ மொதல்ல வாம்மா," என்றேன்.

"அப்ப நான் வர்ல பாப்பா. உனக்கோசரம் ஒருவாட்டி பொய் சொல்லிட்டன். அந்தம்மா கேட்டா இன்னொருவாட்டி என்னால ஆவாது."

வீடு எனக்கே நிலைத்தது. அதன்பிறகு அம்மா அங்கே வரவில்லை.