பிள்ளை பெற்றவளிடம் கேட்க வேண்டிய கேள்வி

போன வாரம் திருப்பதியிலிருந்து சித்தூருக்குப் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். எனக்கு முன் சீட்டில் ஓர் இளைஞன். ஒரு காதில் போன், இன்னொரு காதைக் கையால் பொத்திக்கொண்டு, இன்ஜின் சத்தத்துக்கு மேலே பேசிக்கொண்டு வந்தான்.

"ஜுரம் பாத்தியா? சரி... இன்னா கலர்ல போவுது? நேத்து மாதிரியே பழுப்பாத்தானா? வாட ஏதாவது மாறிக்கிதா? வெக்கப்படாம சொல்லு. டாக்டரம்மா கேக்கச் சொன்னாங்க இல்ல..."

மனைவிக்குக் குழந்தை பிறந்து ஒரு வாரம் ஆகியிருக்கும் போல. பிரசவத்துக்குப் பிறகு வரும் உதிரப்போக்கைப் பற்றித்தான் விசாரிக்கிறான். புத்தலப்பட்டு தாண்டும்வரை விசாரித்தான்.

பக்கத்து சீட்டில் என் வயதுக்காரர் ஒருவர். பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை.

"ஏம்பா, பொம்பளைங்க கீற பஸ்ல பேசற பேச்சா இது?"

"பொம்பளகிட்டத்தான் பெரியவரே பேசிக்கினு கீறேன்."

"அதுக்கு ஒரு எடம் வாணாமா?"

"அவ புத்தூர்ல அம்மா ஊட்ல கீறா. நான் கேக்கலன்னா யாரு கேப்பாங்க? கண்டக்டரா?"

கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். "என்ன ஏம்பா இழுக்கறே? எனக்கு டிக்கெட் கேக்கவே நேரம் பத்தல."

பெண்கள் பக்கத்தில்தான் முதலில் சிரிப்பு எழுந்தது. நானும் சிரித்தேன். பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. எப்படி வரும்? ஒரு காலத்தில் நான் அவரைவிட மோசம்.

ஆந்திர மாநிலம் தனியாகப் பிரிந்த புதிது. குடிபாலாவை ஒட்டிய எங்கள் ஊரிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் மதராஸ் மாநிலம். நான் ஸ்கூல் வாத்தியார். தமிழ் பேசுகிற ஊர்களையெல்லாம் மதராஸோடு சேர்க்க வேண்டும் என்று எங்கள் பக்கத்தில் கூட்டம் மேல் கூட்டம் நடந்தது. எல்லாவற்றிலும் நான் உண்டு. ஸ்கூல் விட்டதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவேன். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, "வீட்டில் என்ன பாஷை பேசுகிறீர்கள்?" என்று கேட்பேன். பாதிப் பேர் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடித்தார்கள். அதையும் தமிழ்க் கணக்கில்தான் சேர்த்தேன்.

அந்த நாட்களில்தான் எங்களுக்கு முதல் குழந்தை பிறந்தது. பெண்.

என் மனைவி அலமேலு, என் தாய்மாமன் மகள். அதனால் அவளுக்கு நான் கல்யாணத்துக்கு முன்பும் மாமா, பின்பும் மாமா. பிரசவம் எங்கள் வீட்டில்தான் நடந்தது. அவளுக்குத் தாய் கிடையாது. என் அம்மாதான் எல்லாம் பார்த்தாள். குறை சொல்ல முடியாத மாதிரி பார்த்தாள்... அவளுக்குத் தெரிந்த முறையில்.

அந்த முறை எப்படி? வீட்டின் பின்கட்டில் ஒரு மூலை. குறுக்கே கயிறு கட்டி ஒரு பழைய புடவை. அதற்குப் பின்னால் தாயும் சேயும். தீட்டு கழியும்வரை கணவன் அந்தப் புடவையைத் தாண்டக்கூடாது. பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர் அளந்துதான். அவள் கட்டிக்கொள்ளும் பழந்துணிகள் ஆண்கள் கண்ணில் படக்கூடாது. ஆகவே அவை மாட்டுக் கொட்டகையில், கோணிப்பைக்கு அடியில் காயும். வெயிலே படாமல் ஒரு துணி எப்படிக் காயும் என்று நாங்கள் யாரும் யோசித்ததில்லை. சாயங்காலம் ஆனால் சாம்பிராணி. மூலை முழுக்கப் புகை.

முதல் வாரம் எல்லாம் சரியாக இருந்தது. அதற்குப் பிறகு ஒருநாள் அலமேலு அம்மாவிடம் சொல்வது என் காதில் விழுந்தது.

"அத்த, நின்னு போன செவப்பு திரும்பி வந்துக்கிது. நாத்தம் வேற. குளிருது."

"கெட்ட ரத்தம்டி. அது எவ்ளோ போவுதோ அவ்ளோ நல்லது. போனாத்தான் வயிறு வத்தும்."

"அத்த, இது வேற மாதிரி கீது."

"சும்மா இரு. உன் மாமன் காதுல உழப்போவுது."

விழுந்தது. நான் என்ன செய்தேன்? சைக்கிளை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போனேன். அம்மா சாம்பிராணியை இன்னும் கொஞ்சம் கூட்டிப் போட்டாள். அந்தப் புகையில் வீட்டில் இருந்த யாருக்கும் வேறு எந்த வாடையும் தெரியவில்லை. அம்மாவை நான் குற்றம் சொல்ல மாட்டேன். கெட்ட ரத்தம் வெளியே போக வேண்டும் என்று அவளுக்கு அவள் அம்மா சொன்னாள். நான் படித்தவன். எனக்கு யார் என்ன சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஊரில் உள்ள வீட்டு வாசலில் எல்லாம் நின்று கேள்வி கேட்டவன், என் வீட்டுப் புடவைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று ஒரு கேள்வி கேட்கவில்லை.

மறுநாள் காலை நான் ஸ்கூலுக்குக் கிளம்பும்போது அந்தப் புடவை விலகியது. அலமேலு எழுந்து நின்றிருந்தாள். சுவரைப் பிடித்தபடி. முகம் ஜுரத்தில் கனன்றது. கையில் குழந்தை.

"மாமா, வண்டி கட்டு. என்னச் சித்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போ."

"அடியே, தீட்டுடி. உள்ள போ" என்றாள் அம்மா.

"செத்தா அதுவும் தீட்டுதான் அத்த."

நான் வண்டி கட்டச் சொன்னேன்.

சித்தூர் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா. கிருஷ்ணா ஜில்லாப் பக்கம். தமிழ் ஒரு சொல் வராது. வராண்டா முழுக்க ஜனம். கதவு என்று பெயருக்கு ஒரு மறைப்பு. அவர் தெலுங்கில் என்னிடம் கேட்டார், என்ன ஆயிற்று என்று. எனக்குத் தெலுங்கு நன்றாக வரும். கூட்டங்களில் அதை மறைத்து வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

"ஜ்வரமண்டி" என்றேன். ஜுரம்.

"இங்கேமைனா உந்தா?" என்றார். வேறு ஏதாவது இருக்கிறதா?

பின்னால் பத்துப் பன்னிரண்டு ஆண்கள். அதில் இரண்டு பேர் எங்கள் கூட்டங்களுக்கு வருகிறவர்கள்.

"லேதண்டி" என்றேன். இல்லை.

இல்லை. என் வாழ்நாளில் நான் சொன்ன பொய்களில் மிகச் சிறிய சொல் அதுதான். மிகப் பெரிய பொய்யும் அதுதான். தமிழுக்காக மேடையில் ஒரு மணி நேரம் மூச்சு விடாமல் பேசுகிறவன் நான். என் மனைவியின் உயிர் போகிற இடத்தில் எனக்குத் தமிழும் வரவில்லை, தெலுங்கும் வரவில்லை.

டாக்டரம்மா ஜுரத்துக்கு மருந்து எழுத ஆரம்பித்தார். அது மலேரியா ஊர் ஊராகச் சுற்றிய காலம். ஜுரம் என்றால் அவரும் வேறென்ன நினைப்பார்? நான் குழந்தையை வாங்கிக்கொண்டு, அலமேலுவை எழுந்திருக்கச் சொன்னேன்.

அவள் எழுந்திருக்கவில்லை.

"அம்மா, மாமா சொல்ல மாட்டாரு. நான் செப்தானு" என்றாள், நானே சொல்கிறேன் என்று. பிறகு, தன் அப்பாவோடு சித்தூர் வெல்ல மண்டிக்குப் போய் வந்து கற்றுக்கொண்ட தெலுங்கில், வராண்டா முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"கிந்த நிஞ்சி செட்ட வாசன ஒஸ்தா உந்தி. நின்னு போன ரத்தம் மள்ளி ஒஸ்தா உந்தி. கட்டி கட்டியா. அடிவயிறு தொட்டா உயிர் போவுது."

கீழேயிருந்து கெட்ட வாடை வருகிறது, நின்ற ரத்தம் மறுபடி வருகிறது என்கிறாள். பாதி தெலுங்கு. பாதி தமிழ். வராண்டாவில் எல்லாத் தலையும் எங்கள் பக்கம் திரும்பியது. நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். என்ன மாதம் என்று இப்போது கேட்டாலும் சொல்லத் தெரியாது.

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டார். அவளருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எப்போதிலிருந்து? என்ன நிறம்? எத்தனை துணி மாற்றுகிறாய்? குளிர் நடுக்கம் உண்டா? கேள்வி தெலுங்கில் வந்தது. பதில் வாய்க்கு வந்த பாஷையில் போனது, தெலுங்கில் வராததை அவள் கையால் காட்டினாள். இருவருக்கும் நடுவில் மொழிபெயர்க்க நான் தேவைப்படவே இல்லை.

அதன்பின் என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏமண்டி மாஸ்டாரு, செப்பலேதே?" ஏன் வாத்தியாரே, சொல்லவில்லையே?

நான் குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டேன்.

நஞ்சுக்கொடியில் ஒரு துண்டு உள்ளேயே தங்கி அழுகிக்கொண்டிருந்தது. அன்றே சுத்தம் செய்து எடுத்தார்கள். பென்சிலின் ஊசி போட்டார்கள். அவள் பிழைப்பாளா என்று எனக்கு இரண்டு நாள் தெரியாது. மூன்றாம் நாள் ஜுரம் இறங்கியது. "இது இன்னும் தள்ளிப்போயிருந்தால் விஷம் ரத்தத்தில் ஏறியிருக்கும். என்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது" என்றார் டாக்டரம்மா. அன்று அவர் எனக்கு விரல் விட்டு எண்ணிச் சொன்னதை அப்படியே இங்கே எழுதுகிறேன். பிள்ளை பெற்றவளுக்கு வரும் உதிரப்போக்கில் துர்நாற்றம் அடித்தால், ஜுரமோ குளிரோ வந்தால், அடிவயிற்றில் வலி கூடிக்கொண்டே போனால், குறைந்துவந்த சிவப்பு மறுபடி பொங்கி ஒரு மணி நேரத்தில் துணி முழுக்க நனைந்தால், பெரிய பெரிய கட்டியாக விழுந்தால், தலை சுற்றி மயக்கம் வந்தால்... யாரையும் கேட்க வேண்டாம். ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

இனிமேல்தான் நான் சொல்லவே கூசுகிற பகுதி.

வீட்டுக்குத் திரும்பும்போது, வண்டியில், அவளிடம் கேட்டேன்: "அத்தன ஆம்பளைங்க முன்னால அவ்ளோ சத்தமா சொல்லணுமா?"

பிழைத்து வந்தவளிடம் நான் கேட்ட முதல் கேள்வி இது.

அலமேலு கோபப்படவில்லை. குழந்தையின் தலைத்துணியைச் சரிசெய்தாள்.

"மெதுவாத்தான் மாமா மொதல்ல சொன்னேன். ஊட்ல. யாருக்குக் கேட்டுச்சு?"



வீட்டில் அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். துணியைக் கொதிக்கிற நீரில் போட வேண்டும், நல்ல வெயிலில் உலர்த்த வேண்டும், பிள்ளை பெற்றவளுக்குத் தாராளமாகத் தண்ணீர் கொடுக்க வேண்டும். அம்மா கொட்டகைக்குப் போய்க் கோணிப்பையை உதறி எறிந்தாள். அடுத்த நாள் எங்கள் வீட்டு முன்வாசலில், தெருவுக்கு நேராக, கயிறு கட்டி அந்தத் துணிகள் காய்ந்தன. தலைமுறை தலைமுறையாக ஒளித்து வைத்த துணிகள்.

"இன்னாம்மா இது, வாசல்ல போயி" என்றேன். என் புத்தி எப்போது திருந்தியது சொல்லுங்கள்?

"வெயிலு வாசல்ல தானேடா அடிக்குது. பாக்கறவன் பாத்துக்கினு போவட்டும்" என்றாள் அம்மா.

அப்புறம் எல்லை முடிவாயிற்று. திருத்தணி மதராஸ் பக்கம் போனது. எங்கள் ஊர் ஆந்திராப் பக்கமே நின்றது. என் பேச்சையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் எல்லைக்கல் ஒரு முழம்கூட நகரவில்லை. ரொம்ப நாள் வருத்தமாக இருந்தது. அலமேலு வருத்தப்படவில்லை, அவளுக்கு வேலை இருந்தது. எங்கள் பக்கத்தில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் போய்விடுவாள். முதலில் தாயைப் பார்ப்பாள். அடுத்து வெளியே வந்து, அந்தப் பெண்ணின் புருஷனைத் தேடிப் பிடிப்பாள்.

"கேட்டியாடா அவள?"

"இன்னாத்த அக்கா?"

"கேக்கத் தெரியலன்னா உள்ள வா, கத்துக் குடுக்கறேன்."

அவளைக் கண்டால் பின்வாசல் வழியாக ஓடிய புதுத் தகப்பன்கள் உண்டு. எங்கள் மகனும் அதில் ஒருவன். அவனைத் துரத்திப் பிடித்துக் கேட்க வைத்தாள்.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்து நேற்று அவளிடம் படித்துக் காட்டினேன். கண் சரியில்லை அவளுக்கு. காது நன்றாகக் கேட்கும். நான் இத்தனை வருஷம் கழித்து மன்னிப்புக் கேட்கிறேன் என்று புரிந்துகொண்டு ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன்.

"எதுக்கு பயப்படணும்னு எழுதிட்ட. எதுக்கு பயப்படக் கூடாதுன்னு எழுதல?"

"அதுவும் வேணுமா?"

"வாணாவா? மொதல்ல செவப்பா போவும். நாலஞ்சு நாளு போனா ரோஸா, பழுப்பா ஆவும். அப்பறம் மஞ்சளும் வெள்ளையுமா கொஞ்சம் கொஞ்சம். ஒரு மாசம், ஒன்றர மாசம் வரைக்கும் படும். பால் குடுக்கச்சொல்ல வயித்த இழுத்துப் புடிச்சிக்கினு கொஞ்சம் கூட வரும். படுத்து எழுந்தா திடீர்னு வரும். தூரத்து வாட மாதிரி ஒரு வாட இருக்கும், நாறாது. அது எல்லாருக்கும் வர்றது. இத எழுதலன்னா, படிக்கற பொண்ணுங்க சும்மா சும்மா பயந்து சாவும்."

"தூரத்து வாடன்னா மாதவிடாய்தானே?"

"வேற இன்னா? வாயத் தொறந்து சொல்லிட்டியே."

நான் பேனாவை எடுத்தேன். தயங்கினேன். "பத்திரிகையில இவ்வளவு வெளிப்படையா போடுவாங்களான்னு தெரியல" என்றேன்.

"அந்த எடிட்டர் நம்பரக் குடு. நான் பேசறேன்."

எழுதிவிட்டேன். எடிட்டர் பாவம், இளகிய மனசுக்காரர்.