மச்சான் சோதித்த துப்பாக்கி

மரப்பெட்டியின் மூடியைப் பெயர்த்ததும் முதலில் வந்தது கிரீஸ் வாசனைதான். கெட்டியாகிப்போன பழைய கிரீஸ், வெல்லப்பாகு நிறத்தில், துப்பாக்கியை முழுக்க மூடியிருந்தது. மச்சான் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் குழலில் ஓரிடத்தை மட்டும் அழுத்தித் துடைத்தார். கறுப்பு இரும்பு தெரிந்தது. குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "இவளை எனக்குத் தெரியும் மாப்ள" என்றார். கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தபோது அவர் முதன்முதலாகத் தோளில் வைத்தது அதே ரகத் துப்பாக்கியாம். அக்கா பக்கத்தில் இருந்திருந்தால் அந்த 'இவளை'க்கு ஒரு பதில் கிடைத்திருக்கும்.

மச்சான் என் அக்காவின் கணவர். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்று, கோம்பையில் தென்னையும் திராட்சையுமாக உட்கார்ந்தவர். ஊருக்கு அவர் பட்டாளத்தார். பட்டாளத்தில் தன் கம்பெனியிலேயே குறி தப்பாமல் சுடுகிறவர் தான்தான் என்று அவர் சொல்லாத நாள் கிடையாது. டீக்கடையில் யாரும் அதை மறுத்ததில்லை, முழுசாக நம்பியதும் இல்லை. பட்டாளத்துக்காரர்கள் சொல்லும் கதைக்கு எங்கள் பக்கத்தில் ஒரு தள்ளுபடி உண்டு. உத்தமபாளையத்தில் உரக்கடை வைத்திருக்கும் நான் அந்தத் தள்ளுபடியை மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே கொடுத்துவந்தேன். மைத்துனன் என்றால் அதற்குத்தானே.

மலையடிவாரத்தில் எங்களுக்கு ஒரு துப்பாக்கி சுடும் சங்கம் இருந்தது. ஒரு பல் டாக்டர்தான் செயலாளர். சின்ன ரகத் துப்பாக்கிகளை வைத்துச் சுட்டுக்கொண்டிருந்த எங்களுக்கு, ராணுவம் கழித்துவிட்ட துப்பாக்கி ஒன்றை முறைப்படி எழுதி வாங்கிக் கொண்டுவந்தார். எத்தனை கை மாறியதோ, இன்னும் நேராகச் சுடுமா என்று யாருக்கும் தெரியாது. சோதித்துச் சொல்ல மச்சானை விட்டால் ஆள் இல்லை. பட்டாளத்தைவிட்டு வந்தபிறகு ஒருவர் அவரிடம் வந்து 'நீங்கள்தான் செய்ய வேண்டும்' என்று கேட்டது அதுதான் முதல் தடவை. அன்றைக்குச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தி வந்தார்.

ஆடி மாதம் அது. என் கடையிலிருந்து கொண்டுபோன யூரியா சாக்குகளில் மணலை நிரப்பி அடுக்கினோம். துப்பாக்கியை அதன்மேல் படுக்க வைத்து, மச்சான் பின்னால் குப்புறப் படுத்தார். இலக்கு இருநூறு மீட்டர் தள்ளி, மலையை ஒட்டிய மண்மேட்டில். அட்டை பிய்த்துக்கொண்டு போகாமலிருக்க நான்கு மூலைக்கும் கூடுதலாக ஆணி அடித்திருந்தோம். வாய்க்குள் மண் போகாமலிருக்கத் துண்டை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டுதான் பேசினோம். முதல் ஐந்து குண்டும் நடுவட்டத்துக்கு ஒரு சாண் வலப்பக்கமாக விழுந்தன. "கிழவி கொஞ்சம் கோணலா இருக்கா" என்று சொல்லி, குழல் நுனியில் குறி பார்ப்பதற்காக நிற்கும் சிறிய இரும்பு முள்ளைச் சுத்தியலால் மெல்லத் தட்டி நகர்த்தினார். சுட்டார், தட்டினார், மறுபடி சுட்டார். கடைசி ஐந்தும் நடுவட்டத்துக்குள் போய் உட்கார்ந்தன. செயலாளர் கை தட்டினார். மச்சான் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, "இனிமே பச்சைப்புள்ள சுட்டாலும் நடுவுலதான் போகும்" என்றார்.

குண்டுகளின் விலையும் தட்டுப்பாடும் காரணமாக அதற்குப்பிறகு துப்பாக்கியை யாரும் தொடவில்லை. பூட்டி வைத்தோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுடும் இடமே சேறாகக் கிடந்தது. தை மாதம் போட்டி வைத்தபோது, புதிதாக வந்த அந்தத் துப்பாக்கியால் முதலில் சுட்டுத் தொடங்கிவைக்கும் மரியாதையை மச்சானுக்குக் கொடுத்தார்கள். தேனியிலிருந்து பெரிய மனிதர்கள் வந்திருந்தார்கள். கோம்பையிலிருந்து டீக்கடைக் கூட்டமும் வேன் பிடித்து வந்திருந்தது. அக்கா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

ஐந்து குண்டில் ஒன்றுகூட நடுவட்டத்தைத் தொடவில்லை. இலக்குக்குப் பக்கத்தில் பள்ளத்துக்குள் நின்றவர் கொடியை ஆட்டி 'வெளியே, வெளியே' என்று காட்டிக்கொண்டேயிருந்தார். மச்சானுக்கு அவமானம் வேண்டாமென்று செயலாளர் அட்டையை உடனே கழற்றிக் கிழித்துப் போடச் சொல்லிவிட்டு, மற்றவர்களைச் சின்னத் துப்பாக்கிகளால் சுடவைத்தார். துப்பாக்கியில் ஏதாவது கோளாறு இருக்கலாம் என்று யாரோ ஆறுதலாகச் சொன்னார்கள். "துப்பாக்கி சரியாத்தான் இருக்கு. நானே பாத்து வச்சது. கண்ணுதான் போச்சு போல" என்றார் மச்சான். தன் கையால் சரிபார்த்த துப்பாக்கியைக் குறை சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

அடுத்த நாளே டீக்கடையில் ஆரம்பித்துவிட்டார்கள். "பட்டாளத்தாரே, எல்லையில சுட்டதெல்லாம் எங்கிட்டுப் போய் விழுந்துச்சு?" அவரும் சேர்ந்து சிரித்தார். திருப்பி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பைக் ஓட்டுவதை விட்டுவிட்டார். பேப்பர் படிப்பதை விட்டார். தேனிக்குப் போய்க் கண் டாக்டரிடம் காட்டினோம். ஒரு குறையும் இல்லை என்றார் டாக்டர். வயசுப் பிள்ளை, அவருக்கு என்ன தெரியும் என்று மச்சான் ஒதுக்கிவிட்டார். நாற்பத்தெட்டு வயதில் கிழவரைப்போல சுவரைத் தொட்டு நடக்கப் பழகிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் அக்கா போன் செய்தாள். "கண்ணு தெரியலைங்கிறாக. ஆனா நேத்து எனக்கு ஊசியில நூலு கோத்துக் குடுத்தாகடா. ஒரே தடவையில கோத்தாக. என்னமோ மனசு ஒடஞ்சு போய்ட்டாக. நீ ஏதாச்சும் பண்ணு" என்றாள். அவள் குரலில் அழுகை இருந்தது. அன்றைக்குத்தான் என் கேலிப் பேச்சையெல்லாம் மூட்டை கட்டி வைத்தேன்.

செயலாளரிடம் கேட்டேன். அவர் சொன்ன கணக்கு எளிமையானது. மணல் மூட்டைமேல் வைத்து ஐந்து குண்டு சுட வேண்டும். துளைகள் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறினால் கண்ணோ கையோ போய்விட்டது என்று அர்த்தம். எங்கே விழுந்தாலும் ஐந்தும் ஒரே இடத்தில் சேர்ந்து விழுந்தால், சுட்டவர் பேரில் தப்பில்லை, கோளாறு துப்பாக்கியில். இதை அப்படியே அக்காவிடம் சொன்னேன். "செதறிப்போச்சுன்னா?" என்று கேட்டாள்.

மாசி மாதத்தில் ஒரு காலை மச்சானைக் கிளப்பிக் கூட்டிப்போனேன். "துப்பாக்கியைத்தான் சோதிக்கணும் மச்சான், நீங்க சும்மா விசையை அமுக்குங்க போதும்" என்றேன். "ஏலே, எதுக்குச் சுத்தி வளைக்கிற? பரீட்சை எனக்குத்தான" என்றார். இருந்தாலும் படுத்தார். ஒவ்வொரு குண்டுக்கும் மூச்சை அடக்கி நிதானமாக நேரம் எடுத்துக்கொண்டார். ஐந்தும் முடிந்து, துப்பாக்கியைத் திறந்து காலியாக்கி வைத்தபிறகு, நான் அட்டையை நோக்கி நடந்தேன்.

கறுப்பு வட்டம் சுத்தமாக இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை. பிறகுதான் இடது ஓரத்தைப் பார்த்தேன். வட்டத்துக்கு ஒரு சாண் தள்ளி, ஐந்து துளைகள், சிலது ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு. அவற்றின்மேல் உள்ளங்கையை வைத்தேன். ஐந்தும் மறைந்துவிட்டன. "மச்சான், அஞ்சும் ஒரே எடத்துல இருக்கு!" என்று நான் போட்ட சத்தத்தில் மண்மேட்டிலிருந்த குருவிகள் பறந்தன.

நடந்துவந்து தன் கையையும் வைத்துப் பார்த்தார். பிறகு குனிந்து காய்ந்த புல்லைப் பிய்த்து விரலிலிருந்து விட்டார். அது நேராக அவர் செருப்பின் மேலேயே விழுந்தது. அப்படியே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். "காத்து மாப்ள, காத்து! ஆடிக் காத்து குண்டை வலப்பக்கம் தள்ளுச்சு. நான் துப்பாக்கி கோணல்னு நெனச்சு முள்ளைத் தட்டி வச்சுட்டேன். இப்பக் காத்தே இல்ல, அது இடப்பக்கம் போகாம என்ன செய்யும்? ராஜஸ்தான், காஷ்மீர், எங்கன போனாலும் புல்லைப் போட்டுக் காத்துப் பாக்காமச் சுட்டதில்ல. இங்கன பாக்கல பாரேன். பொறந்ததுலருந்து மூஞ்சியில அடிக்கிற காத்தை எவன் பாப்பான்?"

வாஸ்தவம்தான். குமுளி மலையிலிருந்து இறங்கும் அந்தக் காற்று ஆனியில் தொடங்கினால் ஆவணிவரை ஓயாது. நாங்கள் குடையை விரிக்க மாட்டோம், பைக்கைச் சாய்த்து ஓட்டுவோம், சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவோம். ஆனால் காற்றடிக்கிறது என்று ஒருவரும் வாய்திறந்து சொல்ல மாட்டோம். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்ற அத்தனை பேரில் ஒருவருக்குக்கூட அது உறைக்கவில்லை. இப்போதெல்லாம் சங்கத்தில் அந்த மாதங்களில் அந்தத் துப்பாக்கியை எடுப்பதே இல்லை.

மச்சான் முள்ளைத் திருப்பித் தட்டி வைத்து மறுபடி சுட்டார். எல்லாம் நடுவட்டத்துக்குள். செயலாளருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. போட்டியன்று வந்த எல்லோரையும் மறுபடி கூப்பிட்டுக் காட்டிவிடலாம் என்று துள்ளினார். "அதெல்லாம் வேணாம் சார். வீட்டுல சொன்னாப் போதும்" என்ற மச்சான், போனை என் கையில் திணித்தார். "நீ சொல்லு. நான் சொன்னா நம்ப மாட்டா."

முதல் மணியிலேயே அக்கா எடுத்துவிட்டாள். காற்றையும் முள்ளையும் இடதையும் வலதையும் நான் விளக்கத் தொடங்கினேன்.

"எந்தப் பக்கமோ போகட்டும்டா. அஞ்சும் சேந்து இருந்துச்சா? அதைச் சொல்லு மொதல்ல."

"சேந்துதான்க்கா இருந்துச்சு. என் கைக்குள்ள அடங்கிப்போச்சு."

"அவுககிட்ட குடு" என்றாள்.

அவள் என்ன சொன்னாளோ, மச்சான் அவள் எதிரில் நிற்பதுபோலத் தலையைத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். போனைத் திருப்பிக் கொடுக்கும்போது துண்டால் முகத்தை மூடியிருந்தார். "கண்ணுல தூசி விழுந்துருச்சு மாப்ள" என்றார். அன்று காலை அந்த மலையடிவாரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை.